வேகாதான் என்ற குடும்பப் பெயர்

பாண்டியனுக்குக் குடும்பப் பெயர் வந்த அன்று, ஆயிரத்து நூறு டிகிரியில் பதினாறு மணி நேரம் கிடந்த இரண்டாயிரம் கொலு பொம்மைகள் சூளையிலிருந்து பச்சை மண்ணாகவே வெளியே வந்தன. அவர் மனைவி துர்காதேவி ஒரு பிள்ளையாரை எடுத்து விரலால் அழுத்தினாள். விரல் தொந்திக்குள் போய்விட்டது. கேஸ் தீர்ந்திருந்தது, கதவைத் திறந்த சூளை ஆள் நிலவனுக்குப் புருவம் பொசுங்கியிருந்தது, பொம்மைகள் மட்டும் காலையில் பிசைந்த மண் மாதிரி ஜில்லென்று இருந்தன. விருத்தாசலம் தொழிற்பேட்டையில் பதினொரு வருஷமாகச் சூளை நடத்துகிறவள் அவள். விரிந்த பொம்மை, கோணிய பொம்மை, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்ட பொம்மை எல்லாம் பார்த்திருக்கிறாள். வேக மாட்டேன் என்கிற பொம்மையை அன்றுதான் பார்த்தாள். நவராத்திரிக்கு இருபது நாள் முன்னால் சரக்கு சென்னைக் கடைக்குப் போய்ச் சேர வேண்டும். சேராவிட்டால் அடுத்த வருஷம் ஆர்டர் கிடையாது. ஆர்டர் இல்லாவிட்டால் சூளையை மூட வேண்டியதுதான்.

இந்த மாதிரி எது நடந்தாலும் அதற்குள் தன் புருஷன் கை இருக்கும் என்பது அவளுக்கு இருபத்தாறு வருஷ அனுபவம். கை இருக்கத்தான் செய்தது. மஸ்கட்டில் இருக்கும் மகள் பார்வதிக்குத் தலைப்பிரசவம். இருவரும் பாஸ்போர்ட் எடுக்க வேண்டியிருந்தது. விண்ணப்பத்தில் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம். இந்த ஊரில் மனிதனுக்கு ஒரு பெயர், முன்னால் ஒரு இனிஷியல், அவ்வளவுதான். ஆகவே எல்லோரும் அந்தக் கட்டத்தில் அப்பன் பெயரைப் போட்டுவிட்டு வேலையைப் பார்க்கப் போவார்கள். துர்காதேவி அப்படித்தான் போட்டாள். பாண்டியனால் முடியவில்லை. அப்பா பெயருக்குத்தான் தனியாக ஒரு கட்டம் இருக்கிறதே, அதையே இங்கேயும் எழுதினால் பொய் சொன்ன மாதிரி ஆகாதா என்று மூன்று நாள் யோசித்தார். கெட்டது யோசித்துச் செய்கிற ஆளில்லை அவர். நல்லது யோசித்துத்தான் குடியைக் கெடுப்பார்.

அவர்கள் குடும்பத்துக்கு ஒரு பெயர் இருந்தது உண்மை. ஐந்து தலைமுறைக்கு முன்னால் கொளஞ்சியப்பன் என்பவர் சூளைக்குள் குனிந்து பானை அடுக்கிக்கொண்டிருந்தபோது, அவர் உள்ளே இருப்பது தெரியாமல் வெளியிலிருந்தவர்கள் தீ வைத்துவிட்டார்கள். மூன்றாம் நாள் பிரித்தபோது சாம்பலைத் தட்டிவிட்டு எழுந்து வந்து வெற்றிலை கேட்டார். ஊர் அவருக்கு வேகாதான் என்று பெயர் வைத்தது. பெயர் வைத்த நாளிலிருந்து அவர் வீட்டு நெருப்பில் சோறும் வேகவில்லை, சட்டியும் வேகவில்லை. நொந்துபோன மனுஷன் மணவாளநல்லூருக்குப் போய், கொளஞ்சியப்பர் என்ற முருகன் சன்னிதியில் பெயர், அப்பன் பெயர், ஊர், குறை எல்லாம் காகிதத்தில் புகாராக எழுதி, பிராது கட்டினார். தொண்ணூறு நாளுக்குள் ஊருக்கு அந்தப் பெயர் மறந்துபோனது. குறை தீர்ந்தால் பிராதைத் திரும்பப் போய் வாபஸ் வாங்க வேண்டும் என்பது முறை. அவர் வாங்கவில்லை. வாங்கினால் பெயர் திரும்பி வந்துவிடும் என்ற பயம். யாரும் வாங்காதீர்கள் என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டுப் போனார். சாமியிடம் நிலுவையில் இருக்கும் பெயரை எந்த முகத்தோடு பாஸ்போர்ட்டில் எழுதுவது என்று யோசித்த பாண்டியன், ஒரு செவ்வாய்க்கிழமை தேங்காய் பழத்தோடு போய் வாபஸ் வாங்கிவிட்டார். பிறகு கட்டத்தில் வேகாதான் என்று நிம்மதியாக எழுதினார்.

"யாரக் கேட்டுங்க வாபஸ் வாங்குனீங்க?" என்று துர்காதேவி கேட்டாள்.

"ஸ்டார் போட்டிருந்தாங்க துர்கா. காலியா வுட்டா அடுத்த பக்கம் போவ மாட்டேங்குது" என்றார் பாண்டியன்.

அன்று முதல் வீட்டில் பால் பொங்கவில்லை. இட்லி மாவு, இட்லிப் பானையில் மாவாகவே கிடந்தது. ஓட்டலில் பார்சல் வாங்கி வாங்கித் தின்று துர்காதேவிக்கு வயிறும் கெட்டது, வாயும் கெட்டது. அவள் பாடு இப்படியிருக்க, ஊர் வேறொன்றைக் கவனித்தது. கத்திரி வெயிலில், மத்தியானம் ஒரு மணிக்கு, பாண்டியன் ஜங்ஷன் ரோட்டில் செருப்பில்லாமல் நடந்து போனார். சட்டையில் ஒரு பொட்டு வேர்வை இல்லை. எல்லாம் அந்தப் பெயரால்தான் என்று பேச்சு பரவியது. மறுநாளே வெல்டிங் பட்டறை கோதண்டபாணி இ-சேவை மையத்துக்குப் போய், அடையாள அட்டையில் தன் பெயருக்குப் பின்னால் வேகாதான் என்று சேர்க்கச் சொன்னார். அவருக்கும் வேர்க்கவில்லை. அப்புறம் கொத்தனார்கள் வந்தார்கள், கரும்பு வெட்டுகிறவர்கள் வந்தார்கள். மங்கலம்பேட்டையிலிருந்து குவைத்துக்குப் போகிறவர்கள் வேன் பிடித்து வந்தார்கள். இரண்டு மாதத்தில் ஆயிரத்து நானூறு வேகாதான்கள். வீட்டில் சோறு வேகாவிட்டால் என்ன, ஓட்டல் இருக்கிறது என்றார்கள். பழமலைநாதன் என்ற ஓய்வுபெற்ற தமிழாசிரியர், இது சோழர் படைத்தலைவர்களுக்குக் கொடுத்த பட்டம் என்று நாற்பது பக்கத்தில் புத்தகமே போட்டுவிட்டார். அதை ஒருவன் துர்காதேவியிடமே விற்க வந்தான். "எங்க வூட்ல பருப்பு வேவல, ஒனக்குப் படத்தலைவன் கேக்குதா?" என்று அவள் கேட்ட கேள்வியில் அவன் சைக்கிளை மறந்துவிட்டு ஓடினான்.

ஆடி மாதம் கோதண்டபாணி மாரடைப்பில் இறந்தார். மணிமுத்தாற்றங்கரையில் மூன்று தடவை கட்டை அடுக்கினார்கள், ஒரு டின் மண்ணெண்ணெய் ஊற்றினார்கள். கட்டை எரிந்து தீர்ந்தது. அவர் மீசை முடிகூடப் பொசுங்காமல் படுத்திருந்தார். கடைசியில் குழி வெட்டிப் புதைத்தார்கள். மறுநாள் இ-சேவை மையத்தில் பெயரை நீக்க வரிசை பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நின்றது. அங்கே வேலை பார்க்கும் அன்புக்கரசி ஒரே வாரத்தில் வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் நீக்கினாள். பாண்டியனுக்கு மட்டும் நீங்கவில்லை. துர்காதேவி அவரை இழுத்துக்கொண்டு போய் நான்கு தடவை எழுதிக் கொடுத்தாள். நான்கு தடவையும் புது அட்டை அதே பெயரோடு வந்தது. சேர்த்துக்கொண்டவர்களுக்குப் போய்விட்டது, பிறப்பில் வந்தவருக்குப் போகவில்லை. திரும்பவும் பிராது கட்டலாம் என்று கோயிலுக்குப் போனால், வாபஸ் வாங்கிய பிராதை மறுபடி எடுப்பதில்லை என்று அங்கே எழுதிக் கொடுப்பவர் சொல்லிவிட்டார். கோயில் வாசலிலேயே உட்கார்ந்து துர்காதேவி அழுதாள். நவராத்திரிக்கு நாற்பது நாள்தான் இருந்தது.

அழுது முடித்து எழுந்தவள் புருஷனை அப்படியே பஸ்ஸில் ஏற்றினாள். கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிப் போகச் சொல்லி, ஒவ்வொரு நிறுத்தத்திலிருந்தும் போன் செய்ய வைத்து, இங்கே அடுப்பில் பாலை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் பெண்ணாடத்தில் இறங்கி, வேறு குடும்பத்தில் வாழ்க்கைப்பட்ட அக்கா ராஜாம்பாள் வீட்டு வாசற்படியில் கால் வைத்தபோது இங்கே பால் பொங்கியது. மூன்று நாள் அங்கேயே இருக்கச் சொல்லிவிட்டு நிலவனைக் கூப்பிட்டுச் சூளையை ஏற்றினாள். பொம்மைகள் வெந்தன. தட்டினால் கணீரென்று சத்தம் வந்தது. சரக்கு போய்ச் சேர்ந்தது, அடுத்த வருஷத்துக்கும் ஆர்டர் வந்தது. மஸ்கட்டுக்கும் போய் வந்தார்கள். பேரன் நன்றாக இருக்கிறான், அவன் அப்பன் வழிப் பெயர் அவனுக்கு. இப்போது சூளை ஏற்றுகிற நாளெல்லாம் பாண்டியன் காலை பஸ்ஸில் பெண்ணாடம் போகிறார். அக்கா கையால் சுடச்சுடத் தின்று, திரும்பும்போது சற்றுப் பெருத்து வருகிறார். கண்டக்டர் அவரிடம் ஊர் கேட்பதில்லை.

போன மாசம் ஒரு சூளை நாளில் துர்காதேவி இ-சேவை மையத்துக்கு வந்தாள். தன் பெயருக்குப் பின்னால் வேகாதான் என்று சேர்க்க ஒரு விண்ணப்பம் எழுதச் சொன்னாள். போட்டோ ஒட்டினாள், கையெழுத்துப் போட்டாள், தேதியை மட்டும் விட்டுவிட்டாள்.

"ஏங்க்கா, அந்தப் பேரத் திட்டாத நாளு கெடையாது நீங்க" என்றாள் அன்புக்கரசி.

"இப்பக் குடுத்துத் தொலைக்காத. சூளை எரியணும். அந்த ஆளு போற அன்னிக்குக் குடு. அவர எரிக்க முடியாது, பொதைக்கத்தான் வேணும். நான் சாம்பலா ஆத்தோட போயிட்டா, ஒண்டியாக் கெடந்து என்னத்தப் பண்ணுவாரு? ஒண்ணு கெடக்க ஒண்ணு எழுதிக் குடுத்துட்டு முழிப்பாரு."

"நீங்க முன்னாடி போயிட்டா?"

துர்காதேவிக்கு எரிச்சல் வந்தது. இதையும் நானே சொல்ல வேண்டுமா என்பது போல அவளைப் பார்த்தாள்.

"அப்பவும் அன்னிக்கேதான். கட்டைய அடுக்குறதுக்குள்ள குடுத்துரு."

அன்புக்கரசி விண்ணப்பத்தின் தலையில் பென்சிலால் அவசரம் என்று எழுதி, கோப்பில் வைத்தாள். துர்காதேவி ரசீது கேட்டு வாங்கிக்கொண்டு, சூளைக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினாள்.