துண்டுக்கு வெளியே ஒரு விலை

அழகம்மாளின் வாய்க்கு வத்தலக்குண்டுப் பூண்டுச் சந்தை வைத்த விலை நாற்பது ரூபாய். வாய் ஒன்றுக்குத்தான், மூடிய நிலையில் ஒப்படைக்க வேண்டும் என்பது நிபந்தனை. ஐம்பத்தொன்பதாம் வருஷத்தில் அந்தப் பணத்துக்கு ஆடும் குட்டியும் ஓட்டிக்கொண்டு போகலாம். நல்ல விலை என்றுதான் சந்தையே நினைத்தது.

அவள் பேத்துப்பாறைக்காரி. புருஷன் ஆண்டிச்சாமி போய்ச் சேர்ந்து இரண்டு வருஷம். மலைச்சரிவில் படிப்படியாய் வெட்டிய ஒரு ஏக்கரில் பூண்டு போட்டது, களையெடுத்தது, காயவைத்து லாரி ஏற்றியது எல்லாம் அவள். விற்பது மட்டும் கொழுந்தன் பழனிமுத்து. காரணம், அந்தச் சந்தையில் பேரம் வாயால் நடப்பதில்லை. வாங்குகிறவரும் விற்கிறவரும் கைகோத்து, மேலே ஒரு துண்டைப் போட்டுக்கொள்வார்கள். ஒரு விரலைப் பிடித்தால் ஒரு ரூபாய். முழுக்கையைப் பிடித்தால் ஐந்து. அடுத்தவனுக்கு விலை தெரியக்கூடாது, அதுதான் மரியாதை. பொம்பளை கையை எந்த வியாபாரி பிடிப்பார்?

"இந்த வெள்ளாமையும் கையக் கடிச்சிச்சுன்னா, அடுத்த போகம் நெலத்த நான் பாத்துக்கிடுதேன் மதினி" என்று பழனிமுத்து முன்பே சொல்லி வைத்திருந்தான். விதைக்கடன் நூற்றைம்பது. கொண்டுவந்த சரக்கு இருபது மணங்கு, மணங்குக்கு எட்டு வீசை. கடன் அடையாவிட்டால் நிலம் அவன் கைக்குப் போய்விடும்.

அதனால்தான் இந்தத் தடவை அவளும் லாரியில் ஏறி வந்துவிட்டாள்.

மண்டி முதலாளி திருமலைச்சாமி துண்டை விரித்தார். பழனிமுத்துவின் கை உள்ளே போனது. அழகம்மாள் துண்டைப் பார்க்கவில்லை. துண்டுக்கு மேலே தெரிந்த முழங்கையைப் பார்த்தாள். ஆண்டிச்சாமி பேரம் பேசும்போதெல்லாம் பக்கத்தில் நின்றவள். எத்தனை விரலைப் பிடித்தால் எந்த நரம்பு எழும்பும் என்று வீட்டுக்கு வந்து அவன் சொன்ன விலையோடு ஒத்துப்பார்த்தே பழகியிருந்தாள். இப்போது முதலில் முழுக்கை. பிறகு மூன்று விரல்.

"ஆறு ரூவா மதினி" என்று பழனிமுத்து கையை உருவினான். "அதுக்கே மொதலாளி அழுதாரு."

கணக்குப்பிள்ளை ஞானவேல் சீட்டில் மணங்கு ஆறு என்று எழுதினார்.

"எட்டு!" என்றாள் அழகம்மாள், மூன்று கடைக்குக் கேட்கும்படி. "துண்டுக்குள்ள எட்டு, சீட்டுல ஆறா? ரெண்டு ரூவா எந்த வெரலு இடுக்குல விழுந்துச்சு?"

திருமலைச்சாமி அவளைத் தூணோரம் அழைத்துப் போனார். "ஏத்தா, சத்தம் போடாத. இருவது மணங்குக்கு ரெண்டு ரெண்டு ரூவா, நாப்பது. இந்தா, தனியாத் தந்துருதேன். வாயத் தொறக்காமப் போயிரு."

"உண்டியல்ல எடுத்துச் சாமிக்கே காணிக்கை போடுதீகளே மொதலாளி, நல்லாருக்கே!"

சொன்னதோடு நிற்கவில்லை. எதிர்க்கடைத் துண்டைக் காட்டினாள். "பொன்னுச்சாமி அண்ணன் கையப் பாருங்க, அங்க ஒம்பது போகுது!"

தேள் கொட்டியதுபோல் நாலைந்து துண்டுகளுக்குள்ளிருந்து கைகள் வெளியே வந்தன. வரிசையில் நின்ற மலைக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். எட்டுக்கும் ஏழுக்கும் தலையாட்டிவிட்டு வந்தவர்கள் அவர்கள்.

"இவ சரக்க ஒருத்தரும் தொடப்படாது" என்றார் திருமலைச்சாமி. "அழுகட்டும்."

"பூண்டு அழுகாதுங்க. பரண்ல கட்டித் தொங்கவிட்டா ஆறு மாசம் கெடக்கும். சரக்குக்கு நிக்கிற உங்க மதுர லாரி கெடக்குமா?"

"மானத்த வாங்கிட்டியே மதினி" என்று பழனிமுத்து முனகினான்.

"அது ஒண்ணுதான் கொழுந்தனாரே இன்னைக்கு மலிவாக் கெடச்சுது."

வீராப்பு வயிற்றை நிரப்பாது. அன்றைக்கே ஒரு தராசை வாடகைக்கு எடுத்து, பஸ் நிலையத்தில் சாக்கை விரித்து உட்கார்ந்தாள். மத்தியானம் வரை மூன்று வீசைதான் போனது. மேலே ஏறுகிற கொடைக்கானல் பஸ்ஸில் இருப்பவர்கள் பூண்டு வாங்க இறங்கி வரமாட்டார்கள் என்பது அதற்குள் புரிந்துவிட்டது. சாக்கைச் சுருட்டினாள். கால் வீசையாகக் கட்டிக்கொண்டு, கீழே இறங்குகிற பஸ்களின் சன்னலுக்குச் சன்னல் போனாள்.

"மலைப்பூண்டு! கால் வீசை ஆறணா! மலைக்குப் போயிட்டு வெறுங்கையோடயா வீட்டுக்குப் போறீக?"

ஒரு பையனின் தாயார் நாலணாவுக்குக் கேட்டாள். "நாலணாவுக்கு வாசம் மட்டும் தாரேன், நல்லா மோந்துக்கிடுங்க" என்றாள் அழகம்மாள். பஸ் சிரித்தது. அந்த அம்மாள் இரண்டு பொட்டலம் வாங்கினாள்.

மூன்று நாளில் ஆறு மணங்கு காலியானது. நாலாம் நாள் வெள்ளனே திருமலைச்சாமி வந்தார். பின்னால் ஞானவேல், கொஞ்சம் தள்ளிப் பழனிமுத்து. முதலாளியின் தோளில் துண்டு இல்லை.

"மலைக்காரன் ஒருத்தனும் துண்டுக்குள்ள கை விட மாட்டேங்கான்" என்றார். "வெலைய வாயால சொல்லுங்கான். மதுர லாரி நிக்குது. என்ன வெல?"

"பன்னெண்டு."

"ஏழு."

"சத்தமாச் சொல்லுங்க, பஸ் டிரைவருக்குக் கேக்கலையாம்."

"எட்டு!" என்று கத்தினார். டீக்கடையில் இருந்தவர்கள் எழுந்து வந்துவிட்டார்கள். ஒன்பது, பதினொன்று, ஒன்பதரை என்று ஊர் பார்க்க ஏறி இறங்கி, பத்தில் முடிந்தது.

"கணக்க இங்கேயே எழுதுங்கய்யா" என்றாள் ஞானவேலிடம். "அப்படியே போன வருசச் சீட்டுல ஆறுன்னு இருக்குல்லா, துண்டுக்குள்ள எவ்வளவு?"

ஞானவேல் முதலாளியைப் பார்த்தார். முதலாளி பஸ்ஸைப் பார்த்தார்.

"எட்டுதாம்மா."

அவர் எழுதியது இது.

வரவு: சில்லறை ஆறு மணங்கு, எழுபத்திரண்டு ரூபாய். மண்டி பதினாலு மணங்கு, நூற்று நாற்பது. ஆக இருநூற்றுப் பன்னிரண்டு.

செலவு: லாரி, தராசு, சாப்பாடு இருபத்துநாலு. விதைக்கடன் நூற்றைம்பது.

கையிருப்பு: முப்பத்தெட்டு. நிலம் ஒரு ஏக்கர், அழகம்மாள் பேரில்.

வரவேண்டியது: போன வருஷம் பதினெட்டு மணங்குக்கு, பழனிமுத்து, முப்பத்தாறு ரூபாய். வட்டி தனி.