சொந்த விருப்பத்தின் பேரில்

"நீங்க போக வேணாம். எங்க அண்ணன் போகட்டும்" என்றாள் மயிலம்மாள்.

பிச்சமுத்து சட்டைப் பொத்தானைப் போட்டார். மச்சான் அழகர்சாமி பேன்ட், சட்டை, பாக்கெட்டில் பேனாவோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். காப்பி குடித்த டம்ளர்கூடக் காலியாகியிருந்தது. யார் வரச் சொன்னது என்று கேட்க வேண்டியதில்லை.

"அப்பன் உசுரோட இருக்கையில மாமன் எதுக்குப் போகணும்?"

"உங்களுக்கு வாய வெச்சுக்கிட்டு சும்மா இருக்கத் தெரியாது. ரேஷன் கடையில சண்ட போட்டுட்டு வந்தீங்க, அந்த ஆளுகிட்ட நான்தான் போய் நின்னேன். இது காலேஜு. புள்ளையோட படிப்பு."

"கோவிச்சுக்காதீங்க மாப்ள" என்றார் அழகர்சாமி. "அவங்க நாலு வார்த்த இங்கிலீஷ்ல பேசினா நான் சமாளிச்சுக்குவேன். டிசிய வாங்கிக்கன்னு சொன்னாலும் கையோட வாங்கிட்டு வந்துடறேன். மூணு பாடத்துல பெயிலான பொண்ண மேல படிக்க வெச்சு என்ன பண்றது? நம்ம முருகானந்தம் இருக்கான்ல."

முருகானந்தம் அழகர்சாமியின் மகன். பாலிடெக்னிக்கில் சேர்ந்தவன், கூடப் படித்தவர்கள் பிள்ளை பெற்று ஸ்கூலில் சேர்த்த பிறகும் அரியர் எழுதிக்கொண்டிருந்தான். ஒவ்வொரு தேர்வுக்கும் அவனுக்குத் திருநீறு பூசி, புதுப் பேனா வாங்கிக் கொடுத்து அனுப்பினார்கள். ஆம்பளைப் பிள்ளை தோற்றால் அடுத்த தேர்வு. பொம்பளைப் பிள்ளை தோற்றால் கல்யாணம். இந்த விதியை எந்தப் பல்கலைக்கழகமும் போடவில்லை. இதற்கு மறுமதிப்பீடும் கிடையாது.

"அப்பாதான் வரணும்னு சொன்னாங்க மாமா. வேற யார் வந்தாலும் உள்ள விட மாட்டாங்களாம்" என்றாள் கலைமதி. அடுப்படி வாசலில் புத்தகப் பையோடு நின்றாள்.

அது பொய் என்று பிச்சமுத்துவுக்குப் பார்த்ததும் தெரிந்தது. பொய் சொல்லும்போது அவள் இடது காதைத் தொடுவாள். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே இறங்கினார்.

எடமலைப்பட்டி புதூரிலிருந்து காவேரிப் பாலம் தாண்டிப் போக வேண்டும். பஸ்ஸில் இடம் கிடைத்ததும் கேட்டார்.

"எதுக்கு என்னைய கூப்பிடறாங்க?"

"மூணு பேப்பர் போயிடுச்சுல்லப்பா. பெயிலான எல்லார் வீட்டுலயும் கூப்பிட்டிருக்காங்க."

"போனா போனதுதானா?"

"இல்லப்பா. பாதிப் பாடம் வரைக்கும் அரியர் இருந்தாலும் ரெண்டாம் வருஷம் போகலாம். ரூலே அப்படித்தான். திரும்ப எழுதிப் பாஸ் பண்ணிக்கலாம். பன்னெண்டாவது வரைக்கும் தமிழ்ல படிச்சுட்டு வந்தவங்களுக்கு மொத வருஷம் இப்படித்தான் ஆகும்னு ஒரு மேடம்கூடச் சொன்னாங்க."

"ரூல் இருந்தா அவங்க பாட்டுக்கு ரூலப் பாத்துக்கிட்டுப் போக வேண்டியதுதான. என்னைய எதுக்குப் பாக்கணும்?"

கலைமதி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "ஆசீர்னு ஒரு பையன், நகைக்கடை வீடு. ஆறு பேப்பரும் போயிடுச்சு அவனுக்கு. அவங்க அப்பா நேத்தே கார்ல வந்து பிரின்சிபாலப் பாத்துட்டுப் போயிட்டாரு" என்றாள்.

பாலத்தில் பஸ் போகும்போது கீழே ஓடுகிற தண்ணீரைப் பிச்சமுத்து பார்க்கவே இல்லை.

படித்தவர்கள் எந்தக் காரியத்துக்கும் ஒரு நல்ல பெயரை வைத்துவிடுவார்கள். இதற்குப் 'பெற்றோர் சந்திப்பு' என்று பெயர். சந்திப்பு என்றால் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்க வேண்டும். இங்கே பெற்றோரை ஒரு வகுப்பறைக்குள் விட்டு, பிள்ளைகள் உட்காருகிற பெஞ்சில் உட்கார வைத்தார்கள். பிள்ளைகளை வராந்தாவில் நிற்கச் சொன்னார்கள். தறிக்காரர், கொத்தனார், வாழைத்தோப்பில் வேலை செய்கிறவர், வீட்டு வேலைக்குப் போகிற பெண்கள். சொல்லாமலே எல்லோரும் செருப்பை வாசலில் கழற்றியிருந்தார்கள். சொல்லாமலே செருப்பைக் கழற்றுகிறவர்கள் மட்டும்தான் அங்கே வந்திருந்தார்கள்.

துறைத் தலைவர் அமிர்தசாமி மேசைக்குப் பின்னால் இருந்தார். வழுவழுவென்று பேசுகிற மனிதர். பெயரைக் கேட்டு டிக் அடித்துக்கொண்டு வந்தவர் பிச்சமுத்துவிடம் நிமிர்ந்தார்.

"எடமலைப்பட்டி புதூரா? அங்க எந்தத் தெரு?"

அந்தக் கேள்வி எதற்கென்று தமிழ்நாட்டில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

"தெருவச் சொன்னா மார்க் கூடுமா சார்?"

பின்னால் யாரோ சிரித்தார்கள். அமிர்தசாமியும் சிரித்தார். "சும்மா கேட்டேங்க. உக்காருங்க. நானும் உங்கள மாதிரி குடும்பத்துல இருந்து வந்தவன்தான்."

"உங்க அப்பாவையும் இப்படிப் பெஞ்சுல உக்கார வெச்சாங்களா சார்?"

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. அட்டெண்டர் ஆளுக்கொரு வெள்ளைத்தாள் கொடுத்துக்கொண்டு வந்தார். கரும்பலகையில் அழகான கையெழுத்தில் ஒரு கடிதம் எழுதியிருந்தது.

"போர்டுல இருக்கறத அப்படியே பாத்து எழுதுங்க. கோடு போட்ட இடத்துல உங்க புள்ள பேரப் போடுங்க. கீழ கையெழுத்து. எழுதத் தெரியாதவங்க பக்கத்துல இருக்கறவங்கள எழுதச் சொல்லி ரேகை வைங்க. சீக்கிரம் முடிங்க. அடுத்த வாரம் கமிட்டி வருது, எங்களுக்கும் வேலை கெடக்கு."

"என்ன லெட்டருங்க?" என்று ஒருத்தர் கேட்டார்.

"எல்லாம் உங்க புள்ளைங்க நல்லதுக்குத்தான். மன்னிப்புக் கேக்கற மாதிரின்னு வெச்சுக்குங்களேன்."

பிச்சமுத்துவுக்குப் பக்கத்தில் முக்காடு போட்ட ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். தாளை அவர் பக்கம் தள்ளினாள்.

"அண்ணே, எனக்கு எழுத வராது. கொஞ்சம் எழுதித் தாங்கண்ணே. எம் பேரு ஜெஸிமா. மக பேரு ரிஸ்வானா. உங்க பொண்ணு கூடத்தான் நிக்கிது பாருங்க, வெளிய."

ஜன்னல் வழியாக இரண்டு பெண்களும் ஒட்டிக்கொண்டு நிற்பது தெரிந்தது.

"கொண்டாங்க."

பிச்சமுத்து ஐந்தாம் வகுப்பு. ஆனால் எழுத்து குண்டு குண்டாக அழகாக இருக்கும். மலைக்கோட்டை அடிவாரத்தில் துணி மொத்தக் கடையில் துணியை மூட்டையாகப் பேல் கட்டுகிற வேலை அவருக்கு. சாக்கைத் தைத்து முடித்ததும் ஊர் பேரையும் கடை பேரையும் பிரஷ்ஷால் எழுத வேண்டும். சீட்டைப் பார்க்க வேண்டும், எழுத வேண்டும். உள்ளே என்ன இருக்கிறது, யாருக்குப் போகிறது என்று யோசிக்கக் கூடாது. யோசித்தால் கை நிற்கும். கை நின்றால் லாரி போய்விடும். அந்தப் பழக்கத்தில், கண் பார்க்கப் பார்க்கக் கை எழுதிக்கொண்டே போனது.

ஜெஸிமா பேசிக்கொண்டே இருந்தாள். பாலக்கரையில் கல்யாண மண்டபத்தில் பாத்திரம் தேய்க்கிறாளாம். புருஷன் மவுத்தாகிவிட்டாராம். "எங்க வீட்டுல காலேஜுப் படி மிதிச்சது இவ ஒருத்திதாண்ணே. எங்க நாத்தனா கேக்குறா, கெமிஸ்ட்ரின்னா என்னடி, பிரியாணிக்கு மசாலா கலக்குறதான்னு. நான் சொன்னேன், ஆமா, உன் புருஷன் கடைக்கு வந்து கலக்கித் தருவான்னு."

பிச்சமுத்து சிரித்துக்கொண்டே கடைசி வரியை எழுதி முடித்தார். ஜெஸிமா மை தொட்டுக் கட்டை விரலை அழுத்தினாள். "எவ்வளவு லட்சணமா எழுதியிருக்கீங்க. அல்லா உங்கள நல்லா வெக்கட்டும்" என்றாள். அட்டெண்டர் வாங்கிக்கொண்டு போனார்.

அப்புறம் அவர் தன் தாளை எடுத்தார். கோடு போட்ட இடம் வந்தது. கலைமதி என்று எழுதினார். எழுதியதும் கை நின்றது. பெற்ற பிள்ளையின் பேருக்குப் பின்னால் என்ன வருகிறது என்று அப்போதுதான் அவருக்குப் பார்க்கத் தோன்றியது. உதட்டை அசைத்து ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார்.

'குடும்பச் சூழ்நிலை காரணமாகக் கல்லூரிப் படிப்பைத் தொடர இயலவில்லை. எனவே சொந்த விருப்பத்தின் பேரில் மாற்றுச் சான்றிதழ் பெற்றுக்கொள்கிறேன். இதில் யாருடைய வற்புறுத்தலும் இல்லை.'

மறுபடியும் படித்தார். எழுந்தார்.

"சார், எங்க குடும்பத்துல ஒரு சூழ்நிலையும் இல்லைங்களே."

"அது ஒரு வழக்கமான வார்த்தைங்க. எழுதுங்க."

"பெயிலாச்சுன்னு எழுதாம சூழ்நிலைன்னு எதுக்கு எழுதணும்? பாதிப் பாடம் போனாலும் மேல படிக்கலாம்னு ரூல் இருக்குன்னு எம் பொண்ணு சொல்லுது. ரூல்படி நீங்க அனுப்ப முடியாது. அதனால நானா கூட்டிட்டுப் போறேன்னு எழுதி வாங்கறீங்க. அப்படித்தான?"

அமிர்தசாமி பேனாவை மூடி வைத்தார். "உக்காந்து பேசுவோம். கமிட்டி வருது. தேர்ச்சி சதவீதம் கொறைஞ்சா காலேஜுக்கு கிரேடு கொறையும். நல்லாப் படிக்கற ஆயிரம் புள்ளைங்க பாதிக்கப்படுவாங்க. உங்க பொண்ணு தபால்லகூடப் படிச்சுக்கலாம். யோசிச்சுப் பாருங்க."

"நகைக்கடைக்காரர் புள்ளையும் தபால்லதான் படிக்கப் போவுதா?"

எழுதிக்கொண்டிருந்த இரண்டு மூன்று பேர் பேனாவை நிறுத்தினார்கள். ஒருத்தர் மட்டும் தலை குனிந்து எழுதிக்கொண்டே இருந்தார். அவருக்கு வேறு எங்கோ வேலைக்குப் போக வேண்டியிருந்திருக்கும்.

"நீங்க எழுத வேணாம்" என்றார் அமிர்தசாமி கடைசியில். "உங்க பொண்ணு தாராளமா வரட்டும். நீங்க போகலாம்."

பிச்சமுத்து தாளை நாலாகக் கிழித்தார். வெற்றி என்றுதான் அவருக்குத் தோன்றியது. வாசல் வரைக்கும் அந்த வெற்றியோடு நடந்தார். அங்கே ஜெஸிமா வந்து வழியில் நின்றாள். முகம் வெளுத்திருந்தது.

"அண்ணே, என்ன சொன்னீங்க அங்க? அது டிசி லெட்டரா?"

"ஆமாம்மா."

"எம் புள்ளைக்குமா?"

அவர் கையிலிருந்த கிழித்த தாளைப் பார்த்தார்.

"நீங்கதானேண்ணே எழுதினீங்க."

அவள் கோபப்பட்டுச் சொல்லவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். புரியாத ஒன்றைக் கேட்கிற மாதிரிக் கேட்டாள். அவர் திரும்பி மேசைக்குப் போனார். அவள் பின்னாலேயே வந்தாள்.

"சார், இந்த அம்மா லெட்டரக் குடுங்க. இவங்களுக்குப் படிக்கத் தெரியாது. தெரியாம ரேகை வெச்சுட்டாங்க."

"நீங்க யாரு இவங்களுக்கு? சொந்தமா?"

"இல்ல. எழுதினது நான்."

அமிர்தசாமி கடிதக் கட்டிலிருந்து அந்தத் தாளை உருவி மேசைமேல் வைத்தார். "முத்து முத்தா எழுதியிருக்கீங்க. ஒரு அடித்தல் இல்ல, திருத்தல் இல்ல. தெரியாம எழுதினதுன்னு யார் நம்புவாங்க?" அப்புறம் குரலைத் தாழ்த்தினார். "பெரியவரே, உங்க பொண்ணு இன்னும் ரெண்டு வருஷம் இங்கதான் படிக்கணும். இன்டர்னல் மார்க் நாங்க போடறதுதான். உங்க காரியம் முடிஞ்சுது. கெளம்புங்க."

இதுவும் ஒரு விதிதான். எந்தப் புத்தகத்திலும் இருக்காது. ஆனால் இதற்குத்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள்.

பிச்சமுத்து வாசலைப் பார்த்தார். கலைமதி நின்றாள். அமிர்தசாமி தாழ்த்திச் சொன்னதும் அவளுக்குக் கேட்டிருந்தது. அவள் உள்ளே வந்து, ஜெஸிமா விட்டுப் போன பெஞ்சில் உட்கார்ந்து, ரிஸ்வானாவையும் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்தாள். அப்பாவைப் பார்க்கவே இல்லை. அவர் முடிவு செய்ய வேண்டியது எதையும் அவள் மிச்சம் வைக்கவில்லை.

"ஒரு பேப்பர் குடுங்க" என்றார் அட்டெண்டரிடம்.

மேசை விளிம்பிலேயே குனிந்து எழுதினார். இந்தத் தடவை எதையும் பார்த்து எழுதவில்லை. எழுத்து கோணல் மாணலாக வந்தது, ரெண்டு இடத்தில் அடித்தல் விழுந்தது. ஜெஸிமாவுக்குப் படிக்கத் தெரியாது. அவர் மகள் ரிஸ்வானா பேரில் உள்ள கடிதத்தை நான் போர்டில் இருந்ததைப் பார்த்து எழுதினேன். அதில் என்ன இருந்தது என்று எனக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. அவர் பிள்ளை படிக்க வேண்டும். இப்படிக்கு பிச்சமுத்து, பேல் கட்டும் தொழில். அடியில் ஜெஸிமா மறுபடி விரலை வைத்தாள்.

அமிர்தசாமி அதைத் தொடாமலே படித்தார்.

"இது செல்லாதுங்க."

"பாத்து எழுதினது செல்லும். யோசிச்சு எழுதினது செல்லாதா சார்?"

பெஞ்சிலிருந்து இன்னொருத்தர் எழுந்தார். "சார், நம்ம லெட்டரயும் கொஞ்சம் காட்டுங்க" என்றார். அவருக்குப் பின்னால் ஒரு பெண் எழுந்தாள்.

அமிர்தசாமி அட்டெண்டரைப் பக்கத்தில் கூப்பிட்டு, மெதுவாக, முதலில் கரும்பலகையை அழிக்கச் சொன்னார்.