துண்டுக்கு அடியில் ஒரு பேரம்

கப்பலே கவிழ்ந்தாலும் கன்னத்தில் கை வைக்கக் கூடாது என்பார்கள். இந்தக் கப்பல் கவிழவுமில்லை, குலுங்கவுமில்லை. எண்ணெய் தடவினாற்போல் வழுக்கிக்கொண்டு போனது. ரத்தினக்கல் வியாபாரிதான் மேல்தளத்துச் சாய்வு நாற்காலியில் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தார்.

அன்று கரை கிடையாது, நாள் முழுக்கக் கடல்தான். இறங்கிப் போய்க் கடைவீதி பார்க்க வழியில்லை என்பது ஒரு குறை. வாயைத் திறக்கக் கூடாது என்பது அதைவிடப் பெரிய குறை. தொண்டையில் முளைத்த கட்டியை எடுத்த டாக்டர், "கெட்ட கட்டி இல்லை, பிழைச்சீங்க. நான் மறுபடி பாக்குற வரைக்கும் ஒரு வார்த்தை பேசக் கூடாது. அதுக்கப்புறமும் தினம் சந்தையில நின்னு கத்தினீங்கன்னா, குரலை மறந்துட வேண்டியதுதான்" என்று சொல்லியிருந்தார்.

சந்தையில் அவருக்கு 'வெண்கலத் தொண்டை' என்று பெயர். அவர் ஒரு கல்லைப் புகழ ஆரம்பித்தால் நாலு கடை தள்ளி நிற்கிறவனுக்கும் காது அடைக்கும். வீட்டில் வைத்தால் கடைக்கு ஓடிவிடுவார் என்று மகள்தான் அப்பா அம்மா இருவரையும் இந்த உல்லாசக் கப்பலில் ஏற்றிவிட்டாள். ஓடுகிற ஆளைக் கட்டிப்போடக் கடலைவிட நல்ல கயிறு ஏது?

அவருக்கும் சேர்த்து மனைவி பேசினாள். பணியாள் ஐஸ்கிரீம் கிண்ணத்தை நீட்டியபோது, இதற்குத் தனியாக எவ்வளவு பிடுங்குவான் என்று வியாபாரி கையை விரித்துக் கேட்டார்.

"ஐயா என்ன சொல்றாங்கம்மா?"

"இன்னொண்ணு வேணுமாம். அதை என் கையில குடுத்துடுங்க."

"எவ்வளவு வேணும்னாலும் சாப்பிடுங்க. எல்லாம் டிக்கெட்லயே அடக்கம்."

எவ்வளவு வேண்டுமானாலும் என்றதும் அவர் கிண்ணத்தைச் சந்தேகமாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கேட்காமல் கொடுக்கிறவனையும் குறைத்துக் கேட்காமல் வாங்குகிறவனையும் நம்பாதே என்று சொல்லி வளர்க்கப்பட்ட பிள்ளை அவர். ஆனாலும் அந்தக் குளிர்ச்சி தொண்டையில் வலிக்காமல் இறங்கியது. விழுங்க முடிவதே ஒரு வரும்படி என்று அப்போதுதான் தோன்றியது. கிண்ணத்தை வழித்துவிட்டார்.

சாப்பாட்டுக்குப் பிறகு காற்று குளிர்ந்தது. கப்பலில் கொடுத்திருந்த நீலத் துண்டை மனைவி இரண்டு பேர் மடியிலும் விழும்படி விரித்தாள்.

கல் வியாபாரத்தில் துண்டுக்கு வேறு வேலை உண்டு. கல்லைப் புகழத்தான் தொண்டை. விலையை ஒருவரும் வாயால் சொல்ல மாட்டார்கள். துண்டை மூடிக்கொண்டு எதிராளியின் விரலைப் பிடிப்பார்கள். எத்தனை விரலோ அத்தனை. கட்டாது என்றால் கையைத் தட்டிவிட வேண்டும். கை முழுவதையும் சேர்த்து அழுத்தினால் பேரம் முடிந்தது, பிறகு மாற்றம் கிடையாது. பக்கத்தில் நிற்கிறவனுக்குக்கூடப் பிடிபடாத வித்தை. கட்டின பெண்டாட்டிக்கும் தெரியாது என்றுதான் அவர் நினைத்திருந்தார்.

துண்டுக்கு அடியில் அவள் அவருடைய அஞ்சு விரலையும் பிடித்தாள். தரகன் பிடிக்கிற அதே பிடி. அவர் திடுக்கிட்டுத் திரும்பினார். அவள் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வாரத்துல அஞ்சு நாள் நீங்க வீட்ல இருக்கணும். கடையை நம்ம பொண்ணு பாத்துக்குவா."

அவர் புருவம் நெற்றிக்கு ஏறியது.

"எப்படித் தெரியும்னு முழிக்காதீங்க. கல்யாணமான நாள்லேர்ந்து தூக்கத்துல என் கையைப் பிடிச்சுத்தானே யாவாரம் பண்றீங்க. கட்டலைன்னா உதறுவீங்க, கட்டினா நசுக்குவீங்க. இத்தனை வருஷத்துல ஒரு கழுதைகூடக் கத்துக்கிட்டிருக்கும்."

அவர் அவளுடைய ஒரு விரலைப் பிடித்தார். தட்டிவிட்டாள். இரண்டைப் பிடித்தார். அதையும் தட்டினாள். மனசே இல்லாமல் மூன்றுக்கு வந்தார். அவள் கொட்டாவி விட்டபடி தட்டினாள். சந்தையில் இப்படி ஒரு கையை அவர் பார்த்ததில்லை. கர்வமாக இருந்தது. கூடவே பயமும் வந்தது. கடை இல்லாவிட்டால் அவர் யார்? அடிக்க ஆளில்லாத வெண்கல மணி.

அவள் குரலைத் தாழ்த்தினாள். "நம்ம பொண்ணுக்கும் உங்க தொண்டைதாங்க. கடைக்கு ஒரு குரல் கிடைச்சாச்சு. எனக்கு இருக்கறது இது ஒண்ணுதான். ஆஸ்பத்திரியில வெளிய உக்காந்திருந்தேனே, என்னைத் திட்டறதுக்காவது இந்தக் குரல் மிஞ்சணும்னுதான் வேண்டிக்கிட்டேன்."

அவர் கடலைப் பார்த்தார். அத்தனை நீலமும் கேட்பாரில்லாமல் கிடந்தது. தராசில் வைக்க முடியாத நீலம். பக்கத்தில், இத்தனை வருஷம் அவர் கனவு வியாபாரத்துக்கெல்லாம் கை கொடுத்துவிட்டு, விடிந்ததும் ஒன்றும் சொல்லாமல் காப்பி போட்ட மனுஷி. அவளுக்கு நன்றி சொல்ல வேண்டும்போல் இருந்தது. ஆனால் விரல் பாஷையில் நன்றிக்குக் குறி இல்லை. எந்த வியாபாரிக்கும் அது தேவைப்பட்டதில்லை.

அவள் கை முழுவதையும் சேர்த்துப் பிடித்து அழுத்தினார். சொன்ன விலைக்கே. பிறந்ததிலிருந்து அவர் செய்யாத காரியம்.

அவள் கொஞ்ச நேரம் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தாள். அப்புறம் தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"நாலு நாள்னாலும் ஒத்துக்கிட்டிருப்பேன். நீங்கதான் கேக்கலை."

வெண்கலத் தொண்டை சத்தம் வராமல் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். நாற்காலி கிரீச்சிட்டது. ஏமாந்த பேரம் இவ்வளவு இனிக்கும் என்று ஒருத்தரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை.

பேரம் முடிந்தால் துண்டை எடுத்துவிட வேண்டும் என்பது சந்தை முறை. அவர் எடுக்கவில்லை. பணியாள் மறுபடி கிண்ணங்களோடு வந்தபோது, துண்டுக்கு வெளியே இருந்த கையால் இரண்டு விரல் காட்டினார், ஒன்று தனக்கு, ஒன்று அவளுக்கு.