குறுக்கே போன ரத்தக் குழாய்

திலகம் சாப்பிட உட்கார்ந்தால் எழுந்திருக்க வெகு நேரமாகும். ஒவ்வொரு கவளத்தையும் நன்றாக மென்று, ஒரு மடக்குத் தண்ணீர் குடித்து, அது நெஞ்சுக்குள் இறங்கிய பிறகுதான் அடுத்ததை எடுப்பாள். சிறுவயதிலிருந்தே அப்படித்தான். எல்லோருக்கும் சோறு இப்படித்தான் இறங்கும் என்று நினைத்திருந்தாள்.

கோலசிலாங்கூர்ப் பக்கத்தில், எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தில் லோரி ஓட்டும் அழகேசனுக்கு வாழ்க்கைப்பட்ட பிறகுதான் அது வம்பானது. மாமியார் நல்லம்மாள் சமையலில் பேர் வாங்கியவள். தோட்டத்து வீடுகள் வரிசையாக இருந்த லயத்தில் யார் வீட்டு விசேஷமென்றாலும் அவள்தான் கரண்டி பிடிக்க வேண்டும். அவளுடைய ஆட்டுக்கறிப் பிரட்டலை மருமகள் மருந்து போல விழுங்கினால் பொறுப்பாளா?

"மகாராணிக்கு நம்ம சமையல் எறங்காது லா," என்று பக்கத்து வீட்டு அமராவதியின் காதில் விழும்படி சொல்வாள். திலகத்துக்குக் கண் கலங்கும். அவசரமாக விழுங்கப் பார்த்தால் புரையேறும்.

எண்பத்து நாலாம் வருஷத் தீபாவளியன்று கறித்துண்டு ஒன்று நடு நெஞ்சில் நின்றுவிட்டது. தண்ணீர்கூட இறங்காமல் திரும்பி வந்தது. முதலில் பதறியவள் நல்லம்மாள்தான்.

"அழகேசா, லோரிய எடுடா!"

கிள்ளான் ஆஸ்பத்திரியில் தொண்டை வழியாகக் குழாய் விட்டுத் துண்டை எடுத்தார்கள். காரணம் தெரிய வேண்டுமென்று கோலாலம்பூருக்கு அனுப்பினார்கள். அங்கே சுண்ணாம்புக் கரைசல் போல எதையோ குடிக்க வைத்துப் படம் பிடித்தார்கள். பிறகு ரத்தக் குழாயில் மருந்தேற்றி இன்னொரு படம். மாமியார் கூடவே இருந்தாள்.

டாக்டர் முரியல் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். "இதயத்துலேருந்து வர்ற பெரிய குழாய்லேருந்துதான் வலது கைக்கு ரத்தம் போற குழாய் பிரியும். இவங்களுக்கு அது எடம் மாறிப் பிரிஞ்சு, உணவுக் குழாய்க்குப் பின்னால குறுக்க போவுது. அதான் அழுத்துது. தாய் வயித்துலயே அமைஞ்சது."

"அறுக்கணுமா டாக்டரம்மா?" என்றான் அழகேசன்.

"இப்போதைக்கு வேணாம். சின்னச் சின்னத் துண்டா, மெதுவா சாப்பிட்டாப் போதும்."

நல்லம்மாள் முன்னால் நகர்ந்து வந்தாள். "அப்ப என் கைப்பக்குவத்துல கொற ஒண்ணும் இல்லியே?"

டாக்டர் சிரித்துவிட்டார். "நீங்க தேவாமிர்தமே செஞ்சாலும் அங்க நின்னுதாம்மா போவும்."

திலகத்துக்கும் சிரிப்பு வந்தது. இத்தனை வருஷமும் தவறு தன் மேல் இல்லை என்று தெரிந்தபோது உடம்பே லேசானது போலிருந்தது.

ஊர் திரும்பியதும் நல்லம்மாள் லயம் முழுக்கச் சேதி சொன்னாள். "எங்கூட்டு மருமவளுக்கு ரத்தக் குழாயே தனி மாதிரி லா!" என்று பெருமையாகவே சொன்னாள். கறியைப் பொடிப்பொடியாக நறுக்கிக் குழைய வேகவைத்தாள். திலகம் சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரில் உட்கார்ந்து கதை பேசினாள். பேசப் பேச இருவருக்கும் நேரம் போவதே தெரியவில்லை.

ஒருநாள் மத்தியானம் அழகேசன் பசியோடு வந்து நின்றான். "காலையில உட்காந்தது, இன்னுமா பசியாறுறீங்க?"

"ஒங்கப்பா பொண்ணு பாக்க வந்த கதை இன்னும் பாதிகூட ஆவல," என்றாள் நல்லம்மாள். "நீ போயி சோத்தப் போட்டுத் தின்னுடா."