பேறுகாலம் பார்க்கக் கிளம்பிய ஆண்பிள்ளை

மகளுக்குப் பிள்ளை பிறந்தால் பெற்றவள் போய் இரண்டு மூன்று மாதம் தங்கி, வயிற்றுக்கு ஒத்தடம் கொடுத்து, காரசாரமாக சூப் காய்ச்சி ஊற்றுவது எனுகு ஊர்ப் பக்கத்து வழக்கம். ஒமுக்வோ என்று பெயர். பெற்றவனுக்கு அதில் ஒரு வேலையும் கிடையாது.

ஓசோமேனாவுக்கு இது தெரியாததல்ல. ஓய்வுபெற்ற பள்ளி ஆய்வாளர். ஊர்ப்பட்டம் வாங்கிய நாளிலிருந்து பெண்டாட்டிக்கும் அவர் 'சீஃப்'தான். லீட்ஸில் இருக்கும் மகள் உசோமா முழுகாமலிருக்கும் செய்தி வந்த வாரமே, கிளப்பில் பியரும் கையுமாக, "கிறிஸ்துமஸுக்கு நான் இங்கிலாந்துல இருப்பேன்" என்று அறிவித்துவிட்டார். வாய் முன்னால் போய்விட்டது, உடம்பும் போயாக வேண்டும். மனைவி உகோயேயோடு தானும் விசாவுக்கு மனுப் போட்டார்.

"நீங்க எதுக்கு சீஃப்? துணி அலசவா?" என்றாள் அவள்.

விசா ஏஜென்ட்டும் மெதுவாகச் சொல்லிப் பார்த்தான். "ஐயா, வீட்டுல ஒருத்தர் இருந்தாத்தான் அம்மா திரும்பி வருவாங்கன்னு தூதரகத்துல நம்புவாங்க."

"எத்தனை பள்ளிக்கூடத்தை ஆட்டி வச்சவன்டா நான்! எனக்கே பாடமா?"

இருவருக்கும் மறுப்புக் கடிதம் வந்தது. சீஃப் கணீரென்று படிக்கத் தொடங்கினார். 'கணவன் மனைவி இருவருமே கிளம்புகிறீர்கள். திரும்பி வரவேண்டிய காரணம் எதுவும் தெரியவில்லை' என்ற இடத்தில் குரல் உள்ளே போய்விட்டது.

"அப்போ நான் மட்டும் கேட்டிருந்தா?" என்றாள் உகோயே.

சீஃப் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். அது சுத்தமாகத்தான் இருந்தது.

மறுபடி மனுப் போட நாளில்லை. உசோமா போனில் தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "அம்மா, அத்தைகிட்ட விசா இருக்கு. அவங்களே வர்றாங்களாம்." பெற்றவள் குத்துக்கல்லாட்டம் உயிரோடிருக்க, மாமியார் வந்து பேறுகாலம் பார்ப்பதா! உகோயே அழவில்லை. "சந்தோஷம்மா" என்றாள். அதைக் கேட்க சீஃபுக்குத்தான் சகிக்கவில்லை.

இரண்டு நாள் அவள் மீனைக் காயவைத்து, மசாலா இடித்து மூட்டை கட்டினாள். "சம்பந்தி வீட்டுல குடுத்துட்டு வாங்க. எப்படிச் செய்யணும்னும் சொல்லிடுங்க."

சம்பந்தியம்மா அடாகு வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். "வாங்க சீஃப்! பிள்ளையை நீங்களே குளிப்பாட்டப் போறதாக் கேள்விப்பட்டேனே!" உள்ளே பெண்கள் சிரித்தார்கள்.

அவர் மூட்டையை இறக்காமலே ஒப்பித்தார். "சூப்புல உசிசா இலை கடைசியிலதான் போடணுமாம். ஒத்தடத்துக்கு வெந்நீர் கை பொறுக்கிற சூடு. உசோமா வலிக்குதுன்னு சொன்னாலும் விடக்கூடாதாம். சின்ன வயசுலயே கொஞ்சம் வலிச்சாலும் ஊரைக் கூட்டுவாளாம்."

அடாகுவின் சிரிப்பு நின்றது. "இவ்வளவு தெரிஞ்சவளுக்கா விசா இல்லேன்னுட்டான்? என்ன ஆளுங்க அவனுங்க!"

'ஆமாம், அவனுங்க அப்படித்தான்' என்று சொல்லிவிட்டு வந்திருக்கலாம். கிளப்பில் அப்படித்தான் சொல்லியிருந்தார்.

"அவங்க இல்ல. நானும் கூடப் போறேன்னு நின்னேன். அதுல அவளுக்கும் போச்சு."

அடாகு போனை எடுத்து உகோயேயைக் கூப்பிட்டாள். "தங்கச்சி, நீயே சொல்லும்மா, நான் கேட்டுக்கறேன்" என்றபடி அடுக்களைப் பக்கம் நடந்தாள்.

சீஃபை உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.