வஹீதாவின் டோக்கன்

வஹீதாவுக்குப் பிரசவ வலியைவிட அந்தக் கட்டில்தான் பயம். மூத்தவன் பிறந்தபோது வேறோர் ஆஸ்பத்திரியில் தன்னந்தனியாகக் கிடந்தாள். தண்ணீர் குடிக்க எழுந்ததற்கு, "படுடி! இன்னா, ஊர்கோலமா போறே?" என்று ஒரு நர்ஸ் தொடையில் பட்டென்று அடித்தாள். பிள்ளை பெற வந்தவளை அடிக்கிற கையும் ஒரு கையா? வலி மறந்துபோயிற்று. அந்த அடி மறக்கவில்லை.

இந்த முறை ஆம்பூர்ப் பக்கத்து அரசு ஆஸ்பத்திரி. இங்கே துணைக்கு ஒருத்தி இருக்கலாம். அவள் அம்மீ என்று கூப்பிடும் மாமியார் பக்ருன்னிசா பக்கத்தில் உட்கார்ந்து இடுப்பை நீவிக்கொண்டிருந்தாள். கட்டிலைச் சுற்றித் திரைகூட இருந்தது. இருந்தும் மதியம் தாண்டியும் குழந்தை இறங்குவதாயில்லை.

"இன்னும் கொஞ்ச நேரம் பார்ப்போம். தலை இறங்கலைன்னா வேலூருக்கு அனுப்பணும். ஆபரேஷன் தேவைப்படலாம்" என்று டாக்டரம்மா தன்மையாகத்தான் சொல்லிவிட்டுப் போனார். வஹீதாவுக்கோ வேறு கவலை. அங்கே அம்மீயைத் துணைக்கு விடுவார்களா? மறுபடியும் தனியாகவா?

"நான் இன்னா தப்பு பண்ணேன் அம்மீ? அசையாமத்தானே படுத்துகினு இருக்கேன்?" என்று மாமியார் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

அப்போதுதான் மதிய ஷிஃப்ட்டுக்கு வந்த நர்ஸ் செண்பகம் திரையை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தாள்.

"தொட்டுப் பாக்கட்டுமாம்மா?"

இதுவரை யாரும் வஹீதாவை அப்படிக் கேட்டதில்லை. தலையாட்டினாள். அடிவயிற்றைத் தடவிய செண்பகத்தின் முகம் மாறியது.

"கண்ணு, ஒண்ணுக்கு எப்போ போனே?"

"காலைல, வூட்ல."

"அய்யய்யோ! முட்டலையா?"

"முட்டுது சிஸ்டர்." குரல் தேய்ந்தது. "உள்ள வர டோக்கன் குடுத்தாங்க. அம்மீக்கும் குடுத்தாங்க. இதுக்கு நீங்க இன்னும் குடுக்கலையே."

செண்பகத்துக்கு ஒன்றும் புரியவில்லை. பக்ருன்னிசா தலையில் அடித்துக்கொண்டாள். "ஷூ கம்பெனில தைக்கிறா சிஸ்டர். அங்க சூப்பர்வைசர் டோக்கன் குடுத்தாத்தான் பாத்ரூம். அந்த பேஜாருக்கே தண்ணி குடிக்க மாட்டா. அடிப் பைத்தியமே, வாயைத் தொறந்து கேக்கக் கூடாதா?"

செண்பகம் சிரிப்பாள் என்று வஹீதா கூசிப்போனாள். அவளோ கண் கலங்கி நின்றாள்.

"இங்க யாரையும் கேக்க வேணாம்டா. எழுந்திரு. நடக்கலாம், தண்ணி குடிக்கலாம், கத்தணும்னா கத்தலாம். வயிறு இப்படி முட்டிகினு இருந்தா குழந்தை எப்படி இறங்கும்?"

தோளில் கைபோட்டுக் கழிவறைக்கு நடத்திக்கொண்டு போனாள். கதவுக்கு வெளியே நின்று, "அவசரமில்ல, மெதுவா வா" என்றாள்.

வஹீதா திரும்பி வந்து வயிறாரத் தண்ணீர் குடித்தாள். வராந்தாவில் நடந்தாள். அம்மீயின் கழுத்தைக் கட்டிக்கொண்டு வாய்விட்டுக் கத்தினாள். யாரும் அதட்டவில்லை. வேலூர்ப் பேச்சையும் அதன்பின் யாரும் எடுக்கவில்லை. சாயங்கால அஸர் தொழுகைக்குப் பாங்கு கேட்கும் நேரத்தில் பெண் குழந்தை பிறந்தது.

செண்பகம் குழந்தையைத் துடைத்து வஹீதாவின் நெஞ்சில் கிடத்தினாள். கிடத்தியதுதான் தாமதம், அம்மா மேலும் செண்பகத்தின் கைமேலும் வெதுவெதுவென்று அது ஒன்றுக்குப் போயிற்று.

"ஐயோ சிஸ்டர், உங்க மேல!" என்று வஹீதா பதறினாள்.

"போகட்டும் விடு. அவளுக்கு வந்துச்சு, போனா."

வஹீதா மகளையே பார்த்தாள். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"என் ராணி, இப்படியே இருடி. எவன்கிட்டயும் டோக்கன் கேக்காதே" என்று சொல்லிச் சொல்லி முத்தமிட்டாள்.