தட்டின் ஓரத்தில் ஒரு குழி

சூப்பின் மேல் ஆடை படிய எத்தனை நிமிஷம் ஆகும் என்று என்னைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். பதினோரு நிமிஷம். குளிர் நாளாக இருந்தால் எட்டே போதும். இதற்குப் போய் மூன்று வாரம் மண்டையை உடைத்துக்கொண்டார்களாம்.

அவள் இதை மனசுக்குள் சொல்லிக்கொண்டாளே தவிர, வெளியே சொல்லவில்லை. மேஜையருகே நின்றிருந்த தலைமைச் சமையல்காரர் அத்தனை ஆசையாக விளக்கிக்கொண்டிருந்தார். இளவயசுக்காரர். சட்டைப் பையில் சின்னக் கரண்டி ஒன்றைப் பேனாவைப் போலச் செருகியிருந்தார்.

"ஓவியத்துல சூப்புக்கு மேல மெல்லிசா ஒரு சுருக்கம் தெரியுது பாருங்க மேடம், அதுதான் எங்களுக்குப் பெரிய சவால். பாலாடையைத் தனியா எடுத்துக் காயவச்சு, கொண்டுவர்றதுக்கு முன்னால மேல போர்த்திடறோம். அடியில சூப்பு சுடச்சுட இருக்கும். வீட்ல நீங்க இந்தச் சுருக்கத்தை எப்படி வரவைப்பீங்க?"

"ஆற விடுவோம்" என்றாள்.

அவர் சிரித்தார். தன்னடக்கம் என்று நினைத்திருப்பார். பக்கத்தில் மகள் கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டு இருமினாள்.

அது அருங்காட்சியகத்துக்குள்ளேயே இருந்த பிஸ்ட்ரோ என்கிற சின்ன உணவகம். இருபது மேஜைகள், தலைக்கு மேல் ஒல்லியான விளக்குகள், ஒரு பக்கச் சுவர் முழுக்கக் கண்ணாடி. கண்ணாடிக்கு அந்தப்புறம் கூடத்தில் அவள் கணவரின் ஓவியங்கள் வரிசையாகத் தொங்கின. இடையிலிருந்த வாசலில் ஒரு காவலர், யாரும் தண்ணீர் பாட்டிலைக்கூட அந்தப் பக்கம் கொண்டுபோய்விடாமல் பார்த்துக்கொண்டு நின்றார். இன்று கண்காட்சியின் முதல் நாள். அழைக்கப்பட்ட நாற்பது பேருக்கு மதிய விருந்து. ஓவியங்களில் இருக்கிற சாப்பாட்டையே சமைத்துத் தட்டில் வைப்பதுதான் விசேஷம். மெனு அட்டையில் ஒவ்வொரு உணவுக்கும் பக்கத்தில் ஓவியத்தின் எண். மேலே கொட்டை எழுத்தில், 'ஓவியரின் அடுப்பிலிருந்து'.

ஓவியரின் அடுப்பு. அந்த அடுப்பின் திருகு எந்தப் பக்கம் திரும்பும் என்று அவரைக் கேட்டுப் பார்க்கட்டும்.

"அம்மா, அட்டையை முறைச்சே ஓட்டை போட்டுடுவ போலிருக்கு" என்றாள் மகள்.

மகள் வேறு ஊரிலிருந்து காலை ரயிலில் வந்திருந்தாள். நான்கு வருஷமாக அப்பாவின் எந்தக் கண்காட்சிப் பக்கமும் தலைவைத்துப் படுக்காதவள். 'எனக்காக வாடி' என்று இவள் இரண்டு முறை ஃபோனில் கெஞ்சிய பிறகு ஒத்துக்கொண்டாள். "வர்றேன். ஆனா அவர் சொல்றதுக்கெல்லாம் நீ வழக்கம்போலத் தலையாட்டினா அடுத்த வண்டியப் பிடிச்சுக் கிளம்பிடுவேன். அப்புறம் கூப்பிடாத" என்று சொல்லியிருந்தாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். சிரித்துக்கொண்டே சொல்வதை எல்லாம் செய்து காட்டுகிறவள் அவள்.

கணவர் இரண்டு மேஜை தள்ளி, கண்காட்சிப் பொறுப்பாளர் அம்மாளின் பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார். கையை ஆட்டி ஆட்டி, காற்றில் தட்டு ஒன்றை வைத்து எடுத்துக்கொண்டிருந்தார்.

அவர்கள் வீட்டில் சமைத்தது முதலில் படமாகும், பிறகுதான் சாப்பாடாகும். வார நாள்களில் அவர் பள்ளிக்கூடத்தில் ஓவிய ஆசிரியர். ஞாயிற்றுக்கிழமை வந்தால், காலை வெளிச்சம் பின்கதவின் கண்ணாடி வழியாகச் சாய்ந்து மேஜையில் விழும் நேரத்துக்குச் சரியாக அவள் தட்டைக் கொண்டுபோய் வைக்க வேண்டும். வைத்த பிறகு யாரும் தொடக்கூடாது. வெளிச்சம் நகர்ந்து போகிற வரை வரைவார். அதன்பின் மூவரும் உட்கார்ந்து, விறைத்துப்போன மீனையும் கெட்டிதட்டிய சூப்பையும் சாப்பிடுவார்கள். சூடாக்க விடமாட்டார். வரைந்ததை வரைந்தபடியே சாப்பிட்டால்தான் அடுத்த வாரம் கை ஒத்துழைக்குமாம். தனக்கும் குழந்தைக்குமாவது இருக்கட்டும் என்று தனிச் சட்டியில் கொஞ்சம் சமைத்துப் பார்த்தாள். "நீங்க மெல்லுற சத்தத்துல நான் எப்படி வேலை செய்யறது" என்றார். அதையும் விட்டாள்.

விட்டதை எல்லாம் பெருந்தன்மை என்று நினைத்துக்கொண்டிருந்த காலமும் உண்டு. பயம் என்று ஒத்துக்கொள்வதைவிட அது சுலபமாக இருந்தது.

அடுத்த தட்டுகள் வந்தன. எண் பதினாறு. நெய்யில் மசித்த பூசணி, வெள்ளைத் தட்டில் மேடாக, மஞ்சளாக, ஆவி பறக்க. பக்கத்து மேஜையில் பரிமாறிய பெண் மனப்பாடமாகச் சொன்னாள்: "ஓரத்துல இருக்கற குழியைக் கவனிங்க. வரைஞ்சுக்கிட்டிருக்கும்போதே பசி பொறுக்காம ஓவியர் தன் விரலால எடுத்த இடம். இந்த ஓவியத்தோட உயிரே அதுதான். ஒவ்வொரு தட்டுலயும் அதே அளவுக்கு வச்சிருக்கோம்."

அவள் திரும்பிப் பார்த்தாள். அந்த மேஜையில் நான்கு தட்டு, நான்கு குழி. அதற்கடுத்த மேஜையிலும் குழி. ஒரு பெரியவர் குழிக்குள் மூக்கை வைக்காத குறையாகக் குனிந்து பார்த்துவிட்டு, "என்ன ஒரு பசி" என்று மனைவியிடம் சொன்னார்.

"என் விரல்மா அது" என்றாள் மகள். குரல் எழும்பவில்லை. "அஞ்சு வயசு விரல். அளவெடுத்து வச்சிருக்காங்க."

"தெரியும்."

"தான் வச்சதுன்னு சொல்லியிருக்காரு."

"கேட்டுச்சு."

ஒரு ஞாயிற்றுக்கிழமை அது. குழந்தை மேஜைப் பக்கம் ஓசைப்படாமல் போய், ஒரு விரல் பூசணியை வழித்து வாயில் வைத்துக்கொண்டது. அவர் சத்தம் போடவில்லை. அவர் சத்தமே போடமாட்டார். தோளைப் பிடித்துக்கொண்டு போய்ப் பின்கதவுக்கு வெளியே விட்டுத் தாழ்ப்பாள் போட்டுவிட்டு வந்து மறுபடி தூரிகையை எடுத்தார். கதவின் மேல்பாதிதான் கண்ணாடி. குழந்தையின் தலை அந்த உயரத்துக்கு எட்டவில்லை. அதனால் வெளிச்சத்துக்கு இடைஞ்சல் இல்லை.

அவள் தாழ்ப்பாளில் கை வைத்தாள். "இப்போ திறந்தா இத்தனை நேரம் செஞ்ச வேலை போச்சு" என்றார், திரும்பாமலே. கையை எடுத்தாள்.

வெளியே குழந்தை குதித்தது. கண்ணாடியின் கீழ்விளிம்பில் சிவப்பு ரிப்பன் எட்டிப் பார்த்தது, மறைந்தது, மறுபடி எட்டிப் பார்த்தது.

"குதிக்க வேண்டாம்னு சொல்லு. நிழல் ஆடுது."

சொன்னாள். கதவில் வாயை வைத்து, "குதிக்காதடி கண்ணு" என்று அவளேதான் சொன்னாள். அதன்பிறகு ரிப்பன் தெரியவில்லை. வெளிச்சம் போய்க் கதவைத் திறந்தபோது குழந்தை படியில் உட்கார்ந்து, அந்த விரலை இன்னும் வாயில் வைத்துக்கொண்டிருந்தது.

அவர் மேல் வந்த கோபத்தை இவள் பல வருஷங்களாக அறிவாள். அது பழகிப்போன கோபம். இன்று எழுந்தது வேறு. நாற்பது தட்டில் நாற்பது குழி போட்டார்களே, அத்தனையிலும் தன் குரல் கேட்டது. குதிக்காதடி கண்ணு. அதையும் அவர் தன் பசி என்று சொல்லிப் பாராட்டு வாங்குகிறார். பட்டினி கிடந்தவளிடமிருந்து பட்டினியைக்கூடப் பிடுங்கிக்கொள்வார்களா?

பொறுப்பாளர் அம்மாள் புன்னகையோடு இவர்கள் மேஜைக்கு வந்தாள். பின்னாலேயே கணவர், கேமராவோடு ஒரு ஆள், இரண்டு கையாலும் ஒரு தட்டைத் தாங்கிய சமையல்காரர். தட்டு இவள் முன்னால் வைக்கப்பட்டது. பூசணி மேடு முழுசாக இருந்தது. குழி இல்லை.

"இந்த ஒரு தட்டை மட்டும் உங்களுக்குன்னு விட்டு வச்சிருக்கோம்" என்றாள் பொறுப்பாளர். "ஓவியர் விரல் வச்ச அதே இடத்துல நீங்க விரல் வைக்கணும். மனைவியோட கை. இந்தப் படம்தான் நாளைக்கு எங்க சுவரொட்டியில வரப்போகுது."

அவள் கணவரை நிமிர்ந்து பார்த்தாள். "பசி பொறுக்காம நீங்க வச்சீங்களா?"

அவர் முகத்தில் ஒரு கணம் ஏதோ தடுமாறியது. உடனே சரியாகிவிட்டது. குனிந்து, அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார். "யார் விரலா இருந்தா என்ன இப்போ? வரைஞ்சது நான்தானே. எல்லாரும் பாக்கறாங்க. சும்மா வை, ஒரு நிமிஷ வேலை."

மகள் குனிந்தாள். நாற்காலிக்கு அடியிலிருந்த பையை வாரைப் பிடித்து இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"மேடம், வெளிச்சம் அருமையா விழுது" என்றார் கேமராக்காரர், ஒரு கண்ணை மூடிக்கொண்டு. "நான் சொல்ற வரைக்கும் தட்டை யாரும் தொடாதீங்க."

அவள் சிரித்துவிட்டாள். சிரிப்பு வரும் என்று அவளே நினைக்கவில்லை. பூசணியிலிருந்து ஆவி எழுந்துகொண்டிருந்தது. இன்னும் நான்கைந்து நிமிஷம் எழும். அப்புறம் மேலே பளபளப்பு மங்கும், ஓரம் வெடிக்கும், நெய் வெள்ளையாக உறையும். ஒவ்வொரு கட்டமும் அவளுக்கு அத்துப்படி.

தட்டைப் பிடித்து மெதுவாக நகர்த்தி மகளின் முன்னால் வைத்தாள். தன் கரண்டியைக் கைக்குட்டையில் ஒரு தடவை துடைத்து, அவள் கையில் கொடுத்தாள்.

"அம்மா" என்றாள் மகள்.

"சூடா இருக்கு. சாப்பிடு."

"என்ன பண்ற நீ" என்றார் கணவர். பொறுப்பாளர் அம்மாளின் புன்னகை அப்படியே நின்றுபோயிருந்தது. "மேடம், ஒரே ஒரு படம்தான்..."

"இல்லீங்க" என்றாள் அவள், மரியாதையாக, பொறுப்பாளரைப் பார்த்து. "நான் வைக்க மாட்டேன். ஆறிடும்."